‘அன்று’ என்பதன் விலை: மானூர், உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் தன்னைத் திருத்திக்கொள்ளும் சபை விதிகள்

ஆய்வுச் சுருக்கம்

சபை ஒன்று தன் விதிகளைத் தானே வகுத்துத் தானே மாற்றிக்கொள்ளும்போது, அம்மாற்றத்தை மறுப்போரை எவ்வாறு நடத்துவது என்னும் வினா எழுகிறது. கழுகுமலைக்குத் தெற்கே, திருநெல்வேலி மாவட்டத்து மானூரில் கிடைத்த, கி.பி. 800 அளவிலான பாண்டியர் காலக் கல்வெட்டு இவ்வினாவுக்கு நேரடியான விடை ஒன்றைத் தருகிறது. சபையில் கொண்டுவரப்படும் ஒவ்வொரு பொருளையும் ‘அன்று, அன்று’ என மறுப்போரும் அவர்களுக்குத் துணை நிற்போரும் பொருள் ஒன்றுக்கு ஐந்து காசு தண்டம் செலுத்த வேண்டும் என்பது அவ்விடை. இவ்விதியை உத்தரமேரூரின் 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளோடும், விதிகளை வாக்கெடுப்பால் மாற்றுவதையே ஆட்டமாகக் கொண்ட ‘நாமிக்’ என்னும் தற்கால விளையாட்டோடும் ஒப்பிட்டு, கல்வெட்டில் பதிவாகாத விவாதத்தை விதிகளின் அமைப்பைக் கொண்டே ஓரளவு மீட்டறிய இயலும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மானூர்க் கல்வெட்டு, மகாசபை, உத்தரமேரூர், குடவோலை, விதித் திருத்தம், நாமிக், கழுகுமலை.

முன்னுரை

தமிழகத்து ஊராட்சி வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் உத்தரமேரூரிலிருந்தே தொடங்குகின்றனர். குடவோலை முறை பாடநூல்களிலும் மேடைகளிலும் மக்களாட்சியின் தொன்மைக்குச் சான்றாக எடுத்துக்காட்டப்படுகிறது. அதற்கு ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் முற்பட்ட மானூர்க் கல்வெட்டு ஆய்வாளரிடையே அறியப்பட்டதாயினும், உத்தரமேரூருக்கு முன்னோடி என்ற அளவிலேயே பெரிதும் குறிப்பிடப்படுகிறது. இரண்டு ஊர்களின் ஆவணங்களும் யார் உறுப்பினர் ஆகலாம் என்பதற்கான சான்றுகளாகவே மிகுதியும் படிக்கப்பட்டுள்ளன. அவை விதியை மாற்றும் செயலின் சான்றுகளுமாகும் என்பது போதிய கவனம் பெறவில்லை.

ஒரு சபை விதி செய்யும்போது, அவ்விதியை ஏற்காதவர் எவரேனும் இருந்தனரா, இருந்தனர் எனில் என்ன கூறினர் என்பதைக் கல்வெட்டு கூறுவதில்லை. முடிவு மட்டுமே கல்லில் ஏறுகிறது. ஆயினும் ஒன்றைத் தடை செய்யும் விதி, தடை செய்யப்பட்ட செயல் நிகழ்ந்தது அல்லது நிகழும் என அஞ்சப்பட்டது என்பதற்குச் சான்றாகும். இவ்வடிப்படையில் மானூர் விதிகளை மீண்டும் படிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கழுகுமலை வட்டாரமும் காலமும்

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் வழியில், கரிசல் நிலத்தின் நடுவே கழுகுமலை அமைந்துள்ளது. மேலிருந்து கீழாகப் பாறையைக் குடைந்து செதுக்கி, முற்றுப்பெறாமல் விடப்பட்ட வெட்டுவான் கோயிலும், அதே மலையில் வரிசையாகச் செதுக்கப்பட்ட சமணத் திருமேனிகளும், அவற்றின் கீழுள்ள வட்டெழுத்துப் பொறிப்புகளும் முற்காலப் பாண்டியர் வரலாற்றுக்கு இன்றியமையாத சான்றுகள். வெட்டுவான் கோயில் பொதுவாகக் கி.பி. 8 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது.

மானூர், கழுகுமலைக்குத் தெற்கே, திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் உள்ளது. சிற்றாற்று நீரைப் பெறும் பெரிய குளம் ஒன்று அவ்வூருக்கு உண்டு. மானாவாரி நிலம் சூழ்ந்த வட்டாரத்தில் குளத்து நீர் பாயும் ஊரின் நிலப்பங்கு எத்துணை மதிப்புடையது என்பதை விளக்க வேண்டியதில்லை. மானூர்ச் சபை விதிகள் பங்கு என்னும் சொல்லையே சுற்றிச் சுழல்வதற்கு இந்நிலவியல் பின்னணியும் ஒரு காரணமாகலாம்.

மானூர்க் கல்வெட்டு மாறஞ்சடையனின் 35 ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. இம்மன்னனைப் பராந்தக நெடுஞ்சடையனாகக் கொண்டு, கல்வெட்டின் காலத்தைக் கி.பி. 800 அளவில் வைப்பர். கழுகுமலையில் உளி ஒலித்த காலமும் மானூரில் சபை கூடி விதி வகுத்த காலமும் ஒன்றையொன்று அடுத்தவை என்பது இதனால் புலனாகும்.

மானூர்ச் சபையின் விதிகள்

மானூர் அக்காலத்தில் பிரமதேய ஊர். ஊரின் மகாசபை கூடி, சபையில் அமர்ந்து பேசுவோருக்கான விதிகளை வகுத்தது. அவற்றின் சாரத்தைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவது, ஊரில் பங்குடையோரின் மக்களுள் நல்லொழுக்கம் உடையவராய், மந்திர பிராமணமும் தரும நூல் ஒன்றும் கற்றவராய் உள்ள ஒருவரே ஒரு பங்கின் சார்பில் சபையில் இடம்பெறலாம். விலைக்கு வாங்கிய பங்கு, கொடையாகப் பெற்ற பங்கு, மனைவி வழியாக வந்த பங்கு ஆகியவற்றுக்கும் அவ்வாறே ஒருவர்தாம்.

இரண்டாவது, இவ்வாறு வாங்கியும் பெற்றும் வந்த பங்குகளுக்கு முழு உறுப்புரிமை மட்டுமே உண்டு. கால், அரை, முக்கால் என உறுப்புரிமையைப் பகுத்துக்கொள்ள இயலாது.

மூன்றாவது, பங்கை விலைக்கு வாங்குவோர், ஒரு வேதம் முழுவதையும் அதன் பரிசிட்டங்களோடு ஆராய்ந்து கற்றவரையே தம் பங்கின் சார்பில் சபைக்கு அமர்த்த வேண்டும்.

நான்காவது, முழு உறுப்புரிமை இல்லாதோர் ஊர்ப்பணிகளைக் கவனிக்கும் வாரியம் எதிலும் இடம்பெற இயலாது.

ஐந்தாவது, மேற்கூறிய தகுதிகள் உடையோரும், சபையில் கொண்டுவரப்படும் ஒவ்வொரு பொருளையும் ‘அன்று, அன்று’ எனத் தொடர்ந்து மறுத்தல் கூடாது.

ஆறாவது, அவ்வாறு மறுப்போரும் அவர்களுக்குத் துணை நிற்போரும், மறுத்த பொருள் ஒவ்வொன்றுக்கும் ஐந்து காசு தண்டம் செலுத்த வேண்டும். செலுத்திய பின்னும் அவர்கள் இவ்விதிகளுக்குக் கட்டுப்பட்டே நடத்தல் வேண்டும்.

முதல் நான்கு விதிகளும் சபைக்குள் யார் வரலாம் என்பதைக் கூறுகின்றன. இறுதி இரண்டும் உள்ளே வந்தவர் எவ்வாறு பேசலாம் என்பதைக் கூறுகின்றன. இவ்விரு பகுதிகளும் ஒரே ஆவணத்தில் ஒரே கூட்டத்தின் முடிவாக இடம்பெற்றிருப்பது தற்செயலானதாகத் தோன்றவில்லை.

விதிகளுக்குப் பின்னுள்ள வழக்கு

முதல் விதியையும் மூன்றாம் விதியையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு வேறுபாடு புலப்படும். மரபுரிமையாகப் பங்கு பெற்றவரின் மகனுக்கு மந்திர பிராமணமும் ஒரு தரும நூலும் போதும். விலைக்கு வாங்கியவர் அமர்த்தும் ஆளுக்கோ ஒரு வேதம் முழுவதும், அதன் பரிசிட்டங்களும் தேவை. ஒரே சபையில் ஒரே அளவுள்ள பங்குக்கு இருவேறு அளவுகோல்கள் இருந்தன. ஊரின் பழங்குடும்பத்தார்க்குக் கதவு எளிதில் திறக்க, புதிதாக வந்தவர்க்கு அது கடினமாக்கப்பட்டது.

இரண்டாம் விதியும் இத்திசையிலேயே செல்கிறது. பங்குகள் விற்பனைக்கும் கொடைக்கும் உள்ளாகும்போது அவை சிறு துண்டுகளாகப் பிரியும். அரைப் பங்கு வாங்கியவர் அரை உறுப்புரிமை கோருவது இயல்பு. அக்கோரிக்கை எழுந்திராவிடில் கால், அரை, முக்கால் எனப் பின்னங்களை ஒவ்வொன்றாக எண்ணி மறுக்க வேண்டிய தேவை சபைக்கு நேர்ந்திராது. எனவே, 800 ஆம் ஆண்டளவில் மானூரில் நிலப்பங்குகள் கைமாறிக்கொண்டிருந்தன எனவும், அவற்றை வாங்கியோர் சபையில் இடம் கேட்டனர் எனவும், பழைய பங்காளர் அதனை வரையறுக்க முற்பட்டனர் எனவும் ஊகிப்பது தவறாகாது.

இப்பின்னணியில் ‘அன்று, அன்று’ எனக் கூறியோர் யாவர் என்னும் வினா எழுகிறது. கல்வெட்டு அவர்களை அடையாளம் காட்டவில்லை. ஆயினும் இரண்டு செய்திகளை அது மறைமுகமாகத் தருகிறது. ஒன்று, அவர்கள் தகுதியற்றோர் அல்லர். விதிக்கப்பட்ட தகுதிகளை நிறைவு செய்தவரையே ஐந்தாம் விதி சுட்டுகிறது. மற்றொன்று, அவர்கள் தனித்தோர் அல்லர். துணை நிற்போருக்கும் தண்டம் உண்டு என்பதால் சபைக்குள் ஓர் அணி உருவாகியிருந்தது, அல்லது உருவாகும் என அஞ்சப்பட்டது. கற்றவராகவும் பங்குடையவராகவும் இருந்து, கூட்டாக மறுத்து, சபையின் நடவடிக்கையை நிறுத்தக்கூடிய வலிமை பெற்ற ஒரு தரப்பே இவ்விதியின் இலக்கு.

அத்தரப்பு புதிதாகப் பங்கு வாங்கியோருடையதா, பழங்குடும்பத்தாருள் ஒரு பிரிவா என்பதை உறுதியாகக் கூற இயலாது. உறுப்புரிமை பற்றிய நான்கு விதிகளும் மறுப்பு பற்றிய இரு விதிகளும் ஒரே அமர்வில் வகுக்கப்பட்டதைக் கொண்டு, முன்னதைப் பற்றிய விவாதமே பின்னதற்கு வழிவகுத்தது எனக் கருதுவது பொருத்தமாகும்.

மறுப்புக்குத் தண்டமா, மதிப்பா?

மானூர் விதியின் தனித்தன்மையை உணர, முற்றிலும் வேறான சூழலில் தோன்றிய ஓர் ஒப்பீடு உதவும். அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் பீட்டர் சூபர் 1982 இல் ‘நாமிக்’ என்னும் விளையாட்டை உருவாக்கினார். அவ்வாண்டு சூன் மாதம் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர் எழுதிய பத்தியின் வாயிலாக அது பரவலாக அறியப்பட்டது. சட்டம் தன்னைத்தானே திருத்திக்கொள்வதிலுள்ள முரணை ஆராய்ந்து சூபர் 1990 இல் வெளியிட்ட நூலிலும் அது பின்னிணைப்பாக இடம்பெற்றது.

நாமிக் ஆட்டத்தில் காய் நகர்த்துதல் என்பது விதி ஒன்றை மாற்ற முன்மொழிவதே. ஆட்டக்காரர் முறைவைத்து ஒரு திருத்தத்தை முன்வைப்பர். அனைவரும் அதன் மேல் வாக்களிப்பர். ஏற்கப்பட்டால் அத்தருணம் முதல் ஆட்டம் புதிய விதியின்படி நடைபெறும். தொடக்க விதிகள் இரு தொகுதிகளாக உள்ளன. 101 முதல் 116 வரையுள்ளவை மாற்றத்தகாதவை. 201 முதல் 213 வரையுள்ளவை மாற்றத்தக்கவை. மாற்றத்தகாததை மாற்றத்தக்கதாக ஆக்க அனைவரின் ஒப்புதலும் வேண்டும். முன்மொழிவு எதுவாயினும் வாக்கெடுப்புக்கு முன் எழுத்தில் இருத்தல் வேண்டும் என்பதும், எத்திருத்தமும் முன்தேதியிட்டுச் செல்லாது என்பதும் தொடக்க விதிகளுள் அடங்கும்.

இவற்றுள் 204 ஆம் விதி இவண் கருதத்தக்கது. தொடக்கத்தில் அனைவரும் ஒப்பினாலன்றி எத்திருத்தமும் நிறைவேறாது. அந்நிலை மாறி, அனைவரின் ஒப்புதலின்றியும் திருத்தங்கள் நிறைவேறும் கட்டம் வரும்போது, வெற்றி பெற்ற முன்மொழிவை எதிர்த்து வாக்களித்தவர் ஒவ்வொருவருக்கும் பத்துப் புள்ளிகள் வழங்கப்பட வேண்டும் என அவ்விதி கூறுகிறது. தோற்ற தரப்புக்கு இழப்பீடு போன்றது இது. பெரும்பான்மையின் முடிவு நிற்கும். ஆனால் மறுத்தவர் அதனால் ஆட்டத்தில் பின்தங்கிவிடுவதில்லை.

மானூரும் நாமிக்கும் ஒரே சிக்கலுக்கு எதிரெதிரான விடைகளைத் தருகின்றன. ஒருமித்த முடிவை நாடும் சபையில் ஒருவரின் மறுப்பே முழு நடவடிக்கையையும் நிறுத்திவிடும். அதனைத் தவிர்க்கப் பெரும்பான்மை முறைக்கு மாறலாம்; அல்லது மறுப்பைச் செலவுடையதாக்கலாம். நாமிக் முதல் வழியை ஏற்று, மறுத்தவர்க்குப் புள்ளி அளிக்கிறது. மானூர்ச் சபை இரண்டாம் வழியை ஏற்று, மறுத்தவரிடம் காசு பெறுகிறது. மானூர் ஆவணத்தில் வாக்குகளை எண்ணியதற்கான குறிப்பு இல்லை. எண்ணிக்கையால் முடிவெடுக்கும் முறை அங்கு வழக்கில் இருந்திருப்பின், சிலரின் தொடர் மறுப்பு இத்துணை பெரிய தடையாகியிருக்காது. தண்டம் விதிக்க நேர்ந்ததே, முடிவுகள் பொது ஒப்புதலால் எடுக்கப்பட்டன என்பதற்குச் சான்றாகக் கொள்ளத்தக்கது.

இவ்விடத்து இரண்டு நுண்ணிய வேறுபாடுகளைக் கருத வேண்டும். முதலாவதாக, மானூர் விதி எல்லா மறுப்பையும் தண்டிக்கவில்லை. ஒவ்வொரு பொருளையும் தொடர்ந்து மறுப்பதையே தண்டிக்கிறது. ஒரு பொருளை ஆராய்ந்து மறுப்பதும், எதுவாயினும் மறுப்பதும் வேறு வேறு என்னும் தெளிவு அதில் உள்ளது. ஆனால் அவ்வேறுபாட்டைத் தீர்மானிப்பவர் யார் என்பதற்கு விடை இல்லை. தீர்மானிக்கும் அதிகாரம் சபையிடமே இருந்திருக்கும். மறுக்கப்பட்ட தரப்பே நடுவராகவும் அமையும் இந்நிலை மறுப்போர்க்குப் பாதுகாப்பானதன்று.

இரண்டாவதாக, தண்டம் செலுத்தியவர் சபையிலிருந்து நீக்கப்படவில்லை. அவர் தொடர்ந்து விதிகளுக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்றே கல்வெட்டு கூறுகிறது. பங்கு அவரிடமே இருக்கும். பங்கோடு இணைந்த இடமும் அவருடையதே. நில உரிமையை அடிப்படையாகக் கொண்ட சபை தன் உறுப்பினரை எளிதில் வெளியேற்ற இயலாது. எனவே வெளியேற்றத்துக்கு மாற்றாகத் தண்டம் பயன்பட்டது. ஐந்து காசு கொடுக்கும் வலிமையுடையவர் அடுத்த பொருளையும் மறுக்கலாம். மானூர் விதி மறுப்பை ஒழிக்கவில்லை. அதற்கு ஒரு விலை வைத்தது. செல்வர்க்கு அவ்விலை எளிது, சிறு பங்குடையோர்க்கு அரிது என்பதே அதன் உண்மையான விளைவாக இருந்திருக்கும்.

சபையில் பேசுவதைக் குறிக்க ‘மன்றாடுதல்’ என்னும் சொல் கல்வெட்டுகளில் வழங்கியது. மன்றில் வழக்காடும் உரிமையைக் குறித்த அச்சொல், இன்று கெஞ்சிக் கேட்பதையே குறிக்கிறது. இப்பொருள் மாற்றத்துக்கு மானூர் விதி காரணமன்று. ஆயினும் மன்றில் நின்று மறுப்பவரின் நிலை எவ்வளவு தாழக்கூடும் என்பதை அச்சொல்லின் வரலாறு நினைவூட்டுகிறது.

உத்தரமேரூர்: இரண்டாண்டில் ஒரு திருத்தம்

மறுப்பைக் கையாள மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அது, எப்பொருளைப் பற்றிப் பூசல் எழுமோ அப்பொருளையே விவாதத்திலிருந்து அகற்றிவிடுவது. உத்தரமேரூர்ச் சபை அவ்வழியை மேற்கொண்டது.

முதலாம் பராந்தக சோழனின் 12 ஆம் ஆட்சியாண்டில் (919), தத்தனூர் மூவேந்தவேளான் என்னும் அரச அலுவலர் உடனிருக்க, உத்தரமேரூர்ச் சபை வாரியங்களுக்கு ஆள் தெரிவு செய்யும் முறையை வகுத்தது. அதே மன்னனின் 14 ஆம் ஆட்சியாண்டில் (921), வேறோர் அரச அலுவலர் முன்னிலையில், அம்முறையைச் சபை மீண்டும் திருத்தியது. ஊரின் முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு எடுப்பதே இரண்டு ஆவணங்களுக்கும் அடிப்படை. எனினும் விவரங்களில் மாற்றங்கள் உள்ளன.

919 இல் வயது வரம்பு முப்பதுக்கு மேல், அறுபதுக்குள் என இருந்தது. 921 இல் அது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் என மாறியது. இளையோர் சிலர் தகுதி இழந்தனர். முதியோர் சிலர் தகுதி பெற்றனர். 919 ஆம் ஆண்டு ஆவணம் உறவினர் விலக்கைச் சுருக்கமாகக் கூற, 921 ஆம் ஆண்டு ஆவணம் வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய தாய்வழி, தந்தைவழி, மணவழி உறவினரையும் உறவுமுறை சொல்லி ஒவ்வொன்றாக விலக்குகிறது. ஓலை எடுக்கும் முறையும் விரிவாக்கப்பட்டது. இளையோரும் முதியோரும் உட்பட மகாசபை முழுமையாகக் கூடியிருக்க, கோயில் நம்பிமாருள் மூத்தவர் குடத்தை அனைவரும் காணத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஏதும் அறியாத சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையில் அதனைப் பெற்றுப் படிக்க வேண்டும்.

விரல்களை விரிக்க வேண்டும் என ஒரு விதி ஏன் எழுதப்படுகிறது? மூடிய கையில் ஓலையை மாற்ற முடியும் என எவரேனும் ஐயுற்றிருக்க வேண்டும். உறவுமுறைகளை ஏன் வரிசைப்படுத்த வேண்டும்? உறவினர் என்னும் பொதுச்சொல்லின் எல்லை எது என்பதில் பூசல் எழுந்திருக்க வேண்டும். இரண்டே ஆண்டுகளில் சேர்க்கப்பட்ட இவ்விவரங்கள், 919 ஆம் ஆண்டு விதி நடைமுறையில் எங்கெங்கே உடைந்தது என்பதைக் காட்டும் வரைபடமாகும். விவாதம் பதிவாகவில்லை; அதன் தடம் திருத்தத்தில் எஞ்சியுள்ளது.

குடவோலை என்பது இன்றைய பொருளில் வாக்களிப்பன்று என்பதையும் வலியுறுத்த வேண்டும். பெயர்களை எழுதி இட்டபின் தெரிவு செய்வது திருவுளச்சீட்டே, வாக்கு எண்ணிக்கையன்று. இன்னார் வேண்டும், இன்னார் வேண்டா என வாதிடும் களத்தையே அது நீக்கிவிடுகிறது. சிறுவனின் கையை எதிர்த்து ‘அன்று’ எனக் கூறுவதில் பொருளில்லை. மானூர் தண்டத்தால் அடக்க முயன்ற மறுப்பை உத்தரமேரூர் சீட்டால் தவிர்க்க முயன்றது எனலாம். ஆனால் எவர் பெயரை எழுதலாம் என்னும் தகுதி விதிகள் மட்டும் சபையின் விவாதத்துக்கு உரியனவாகவே நீடித்தன. திருத்தங்கள் அவ்விடத்திலேயே குவிந்திருப்பதன் காரணமும் அதுவே.

மாற்றத்தகாத விதி என ஒன்று உண்டா?

921 ஆம் ஆண்டு ஏற்பாடு சந்திர சூரியர் உள்ளவரை நிலைக்க வேண்டும் எனச் சபை விதித்தது. கல்வெட்டுகளில் பெருவழக்காக உள்ள இத்தொடர், நாமிக்கின் மாற்றத்தகாத விதிகளோடு ஒப்பிடத்தக்கது. ஆயினும் முந்தைய ஏற்பாட்டை இரண்டே ஆண்டுகளில் மாற்றிய சபையே இதனையும் கூறுகிறது. நிலைபேற்றைக் கூறும் தொடர் ஒரு விருப்பமே. அது பிற்காலச் சபையின் கையைக் கட்டும் ஆற்றல் உடையதன்று. நாமிக்கிலோ மாற்றத்தகாத விதிகளையும் அனைவரும் ஒப்பினால் மாற்றத்தக்கவையாக ஆக்கலாம். திருத்தும் அதிகாரத்தையே திருத்துவதற்கும் அங்கு வெளிப்படையான இடம் உண்டு.

இச்சிக்கல் பழங்காலத்துக்கோ விளையாட்டுக்கோ மட்டும் உரியதன்று. இந்திய அரசமைப்பின் 368 ஆம் உறுப்பு திருத்தும் முறையைக் கூறுகிறது. 1967 இல் கோலக்நாத் வழக்கில், அடிப்படை உரிமைகளைக் குறைக்கும் திருத்தம் செல்லாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1971 இல் 24 ஆம் திருத்தத்தின் வாயிலாக நாடாளுமன்றம் 368 ஆம் உறுப்பையே திருத்தியது. 1973 இல் கேசவானந்த பாரதி வழக்கில், பதின்மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஏழுக்கு ஆறு என்ற கணக்கில், திருத்தும் அதிகாரம் உண்டெனினும் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை அது சிதைக்க இயலாது எனக் கூறியது. 1976 இல் 42 ஆம் திருத்தம் அவ்வரம்பை நீக்க முயன்றது; 1980 இல் மினர்வா மில்ஸ் வழக்கில் அம்முயற்சி செல்லாததாயிற்று.

மானூரில் இத்தகைய வெளி நடுவர் இருந்ததாக ஆவணம் காட்டவில்லை. உத்தரமேரூரில் அரச அலுவலர் உடனிருந்தார். அவரது பணி சபையைக் கட்டுப்படுத்துவதா, சான்றாக நிற்பதா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், தன் விதியைத் தானே மாற்றும் அமைப்பில் சிறுபான்மையின் பாதுகாப்பு, மாற்றத்தகாத விதி ஒன்றையோ சபைக்கு வெளியேயுள்ள நடுவரையோ சார்ந்திருக்கிறது என்பது இவ்வொப்பீட்டால் தெளிவாகும். மானூரில் ‘அன்று’ எனக் கூறியோர்க்கு இவ்விரண்டும் இருந்தமைக்குச் சான்றில்லை.

சபைக்கு வெளியே நின்றோர்

இதுவரை கூறியவை சபைக்குள் இடம்பெற்றோரைப் பற்றியவை. விதியை மாற்றும் உரிமை பற்றிய ஆய்வு, அவ்வுரிமைக்கு முற்றிலும் வெளியே இருந்தோரை மறத்தல் ஆகாது. மானூர் விதிகளில் பங்கில்லாத உழுகுடிகளுக்கு இடமில்லை. மனைவி வழியாக வந்த பங்கு குறிப்பிடப்படுகிறது; ஆனால் அப்பங்கின் சார்பில் சபையில் அமர்வது மனைவியன்று.

இங்கு மீண்டும் கழுகுமலையை நோக்குதல் பொருத்தம். அங்குள்ள வட்டெழுத்துப் பொறிப்புகள் பெரும்பாலும் மிகச் சிறியவை. இன்னார் இத்திருமேனியைச் செய்வித்தார் என்னும் அளவிலேயே அமைந்தவை. ஆனால் அவற்றுள் சமணப் பெண் ஆசிரியர்களான குரத்தியரின் பெயர்களும், அவர்தம் மாணாக்கரின் பெயர்களும், கைவினைஞரின் பெயர்களும் உள்ளன. ஒரே வட்டாரத்தில், அடுத்தடுத்த காலத்தில், கல்லில் பெயர் பொறிப்பதற்கு இருவேறு வழிகள் இருந்தன. சபையின் ஆவணம் விதியைப் பொறித்து, மறுத்தவரின் பெயரை விடுத்தது. மலையின் பொறிப்போ விதி எதனையும் கூறாமல், செய்தவரின் பெயரை மட்டும் காத்தது. சபையில் பேச இடம் பெறாத பெண்கள் கழுகுமலையில் பெயரோடு நிற்கின்றனர். சபையில் இடம் பெற்றும் மறுத்தவர் மானூரில் பெயரின்றி நிற்கின்றனர்.

இவ்வேறுபாட்டைக் கொண்டு சமண மரபு சமத்துவமுடையது எனவோ வைதிக சபை முற்றிலும் அடக்குமுறை உடையது எனவோ முடிவு செய்வது பொருந்தாது. கொடை கொடுப்பதும் விதி வகுப்பதும் வேறு வேறு செயல்கள். முன்னதில் பெயர் இடம்பெறுவதால் பின்னதில் அதிகாரம் வந்துவிடாது. ஆயினும் அக்காலச் சமூகத்தை மகாசபை ஆவணங்களின் வழி மட்டுமே காண்பது எத்துணை குறுகிய காட்சி என்பதைக் கழுகுமலை உணர்த்துகிறது.

முடிவுரை

மானூர்க் கல்வெட்டும் உத்தரமேரூர்க் கல்வெட்டுகளும் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆற்றலுடைய சபைகளின் ஆவணங்கள். அவற்றை மக்களாட்சியின் முன்வடிவம் எனப் போற்றுவதும், ஒரு சிறு குழுவின் ஆதிக்கக் கருவி என ஒதுக்குவதும் அவற்றின் மிக முக்கியமான செய்தியைத் தவறவிடுகின்றன. விதிகளை மாற்றும்போது அச்சபைகளுக்குள் கடும் விவாதம் இருந்தது என்பதே அச்செய்தி. மானூரில் மரபுவழிப் பங்காளர்க்கும் விலைவழிப் பங்காளர்க்கும் வகுக்கப்பட்ட இரட்டை அளவுகோல், பின்ன உறுப்புரிமை மறுப்பு, துணை நிற்போர்க்கும் விதிக்கப்பட்ட தண்டம் ஆகியவை அவ்விவாதத்தின் தடங்கள். உத்தரமேரூரில் இரண்டாண்டு இடைவெளியில் நிகழ்ந்த திருத்தங்களும் அத்தகையனவே.

மறுப்பைக் கையாள்வதில் மூன்று வழிகள் இவ்வாய்வில் காணப்பட்டன. மானூர் மறுப்புக்குத் தண்டம் விதித்தது. உத்தரமேரூர் தெரிவைச் சீட்டிடம் ஒப்படைத்து மறுப்புக்கான களத்தைச் சுருக்கியது. நாமிக் மறுத்துத் தோற்றவர்க்குப் புள்ளி அளிக்கிறது. இவற்றுள் மானூரின் வழியே இன்றைய சங்கங்களிலும் குழுக்களிலும் வெவ்வேறு வடிவங்களில் மிகுதியும் காணப்படுவது எனில் அது மிகையாகாது. எனவே, ஊர்ச்சபைக் கல்வெட்டுகளைப் படிக்கும்போது யார் தகுதியுடையோர் என்னும் வினாவோடு, தகுதியுடைய ஒருவர் ‘அன்று’ எனக் கூறினால் அவர்க்கு என்ன நேர்ந்தது என்னும் வினாவையும் சேர்த்து எழுப்புதல் வேண்டும். பிற பிரமதேய ஊர்களின் சபை ஆவணங்களிலுள்ள தண்ட விதிகளை இந்நோக்கில் தொகுத்து ஒப்பிடுவது மேலாய்வுக்குரிய களமாகும்.